மேலே சுற்றிய விரல்

2024 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை, காலை 10.40 மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையின் இரண்டாவது ஷெட்டில், கிரேனில் தொங்கிய மூன்று டன் கம்பிக் கட்டு, கீழே நின்ற ஒப்பந்தத் தொழிலாளி சின்னராசுவின் வலது கை மீது இறங்கியது. அவருக்கு வயது ஐம்பத்தாறு. அன்று மாலையே மூன்று விரல்கள் எடுக்கப்பட்டன.

கிரேனை ஓட்டியவன் அவருடைய மகன் ராபின்.

பத்து நாள் ஆகிவிட்டது. இந்தப் பத்து நாளில் சின்னராசுவின் எளாவூர் வீட்டில் நடந்ததையெல்லாம், வாரம் தவறாமல் வாசிப்பவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வருபவர்களுக்கு இது போதும். ராபினின் தங்கை ஷைனியைக் கட்டியிருக்கும் ஜெரால்ட், அதே ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. விபத்துக்கு யார் காரணம் என்று ஆலை எழுதப்போகும் அறிக்கை அவன் கையில் இருக்கிறது. புதன்கிழமை ஷைனி அம்மா வீட்டுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை தங்களுக்குக் கல்யாண நாள், அண்ணன் கட்டாயம் சாப்பிட வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை, சென்னை ஆஸ்பத்திரி வார்டில், ராபினின் அம்மா கங்கம்மா கணவனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் அவர் இடது கையால் தானே சாப்பிட்டுப் பார்த்திருந்தார். சட்டை முழுக்க சாம்பார்.

"நாஷ்டா துன்னியா நைனா?" என்று மகனைக் கேட்டார் சின்னராசு. அந்த வீட்டில் அப்பாவும் நைனா, செல்லமாகக் கூப்பிட்டால் பிள்ளையும் நைனா.

"ஆச்சு."

"பொய் சொல்றான், மூஞ்சியப் பாரு," என்றாள் கங்கம்மா. "தங்கச்சி ஊட்டுக்காரன் ராத்திரிக்குச் சோறு போடறானாம். இப்பவே வயித்தக் காலியா வெச்சிக்கினு கீறான்."

"எங்கடா?"

"ஸ்டேஷன் ரோட்ல. டவுன்டவுன்னு புதுசா ஒரு பார் ஓட்டல்."

"டவுனே ஒரு தெருதான்," என்றார் சின்னராசு. "அதுல எங்கடா இன்னொரு டவுனு?"

மூன்று பேரும் சிரித்தார்கள். விபத்துக்குப் பிறகு அது முதல் சிரிப்பு. சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் நகர்த்தி வைத்துக்கொண்டு சின்னராசு கேட்டார். "அன்னிக்கு என் கை உனுக்குத் தெரிஞ்சிதா?"

ராபின் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தான். "டாக்டர் வர்ற நேரம். நான் கெளம்பறேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போடா."

"சாயந்திரம் வரேன் நைனா."

"சாயந்திரம்தான் டவுன்டவுனு போறியே," என்றாள் கங்கம்மா.

அவன் நிற்கவில்லை.

கம்பிக் கட்டுக்குச் சங்கிலி மாட்டி, கீழே நின்று, மேலே கேபினில் இருக்கும் ஆபரேட்டருக்குக் கையால் சைகை காட்டுபவரைக் கலாசி என்பார்கள். சின்னராசு இருபது வருடக் கலாசி. ஷெட்டில் சத்தம் காதைப் பிளக்கும், வாய்ப்பேச்சு எடுபடாது. கலாசியின் கை தெரிந்தால்தான் ஆபரேட்டர் லீவரைத் தொடலாம். கை மறைந்தால் கிரேன் நிற்க வேண்டும். கம்பி அடுக்கின் மறைவில் வேலை நடந்தால் இரண்டாவது கலாசி ஒருவர் வெளியே நின்று, முதல் ஆளின் சைகையைப் பார்த்து மேலே காட்ட வேண்டும்.

அன்று இரண்டாவது கலாசி ஜெபாவை லாரியில் ஏற்றுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சின்னராசு அடுக்கின் பின்னால் குனிந்து, கட்டு உட்கார மரத்துண்டு வைத்துக்கொண்டிருந்தார். கேபினிலிருந்து பார்த்தால் அவருடைய மஞ்சள் ஹெல்மெட்டின் விளிம்பு மட்டும் தெரிந்தது. வாக்கிடாக்கியில் ஒரு குரல் வந்தது. "எறக்குடா, லாரி நிக்குது. எறக்கு எறக்கு."

ராபின் இறக்கினான்.

இதை அவன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

டவுன்டவுன் பார் அண்டு கிச்சன், ஸ்டேஷன் ரோட்டில் செல்போன் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. லிஃப்டில் நான்கு பேர் போகலாம். உள்ளே நீல வெளிச்சம். பாட்டில்களுக்குப் பின்னால் கண்ணாடி வைத்து ஒன்றை இரண்டாகக் காட்டியிருந்தார்கள். சிப்காட் அதிகாரிகளும், ஆந்திர எல்லை தாண்டி வரும் லாரி முதலாளிகளும்தான் பெரும்பாலும் வாடிக்கை. வாசலில் ஒரு பலகை: எட்டு மணி வரை ஒரு காக்டெயிலுக்கு ஒன்று இலவசம்.

ராபின் ஆறரைக்குப் போனான். மூலை மேசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெரால்ட் எழுந்து கட்டிப்பிடித்தான். ஷைனி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். மூன்றாவது ஆள் எழவில்லை. ஆலையின் ஷிப்ட் மேனேஜர் விமல். பக்கத்து நாற்காலியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"சார் எதுக்கு வந்திருக்காரு?" என்று தங்கையிடம் தாழ்ந்த குரலில் கேட்டான் ராபின்.

"உன்னை பெர்மனென்ட் பண்ற ஆர்டர் எடுத்தாந்திருக்காராம்ணா," என்றாள் ஷைனி. "முன்னாடியே சொன்னா நீ வர மாட்டேன்னு இவருதான் சொல்ல வாணாம்னாரு."

பத்து வருடமாக ராபின் ஒப்பந்தத்தில் இருக்கிறான். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் உட்கார்ந்துவிட்டான்.

விமல் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரன். அப்பா மணவாளனுக்கு ஆற்றோரம் நெல் வயல். சின்னராசுவும் அவருடைய அப்பாவும் அந்த வயலில் நாற்று நட்டு, அறுத்து, களம் அடித்தவர்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முன் குடும்பம் எளாவூருக்குக் குடிவந்தது. மணவாளன் சொல்லித்தான் சின்னராசுவுக்கு ஆலையில் வேலை கிடைத்தது. விமல் இதை மாதம் ஒரு முறையாவது ஷெட்டில் யாரிடமாவது சொல்வான்.

"நாலு பழவேற்காடு சன்செட்," என்று பேரரிடம் சொன்னான் ஜெரால்ட். "மேடத்துக்குச் சரக்கு இல்லாம."

"எனக்கு வாணாம் மாப்ள," என்றான் ராபின். "காலைல கேட்ல ஊதணும்."

"ஊத வைக்கிறதே நான்தான் மச்சான்." ஜெரால்ட் சிரித்தான். "குடி."

கீழே சிவப்பு, மேலே மஞ்சள், ஓரத்தில் ஒரு ஆரஞ்சுத் துண்டு. இலவசக் கணக்கில் ஆளுக்கு இரண்டு தம்ளர் வந்தது. ராபின் இரண்டையும் தள்ளி வைத்தான்.

"உங்கப்பா எப்படி இருக்கான்?" என்று கேட்டான் விமல்.

"இருக்காரு."

'காரு' கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. விமல் அதைக் கவனித்தான்.

"தப்பா எடுத்துக்காத. சின்ன வயசுலேர்ந்து அப்படியே கூப்பிட்டுப் பழக்கம். எனக்குச் சைக்கிள் கத்துக் குடுத்ததே அவன்தான்." தட்டில் வந்த நண்டை இரண்டாக உடைத்தான். "பாரு ராபின், இன்னிக்கு ஒரே டேபிள்ல ஒக்காந்து சாப்புடுறோம். எங்க தாத்தா காலத்துல இது நடக்குமா?"

"எங்க தாத்தாவும் உங்க டேபிளாண்ட வந்திருப்பாரு சார்," என்றான் ராபின். "தூக்கினு வந்து போட்டுட்டு வாசல்ல நின்னிருப்பாரு."

ஷைனி தண்ணீர் குடித்தாள். ஜெரால்ட், அங்கே இல்லாத யாரையோ பார்த்துச் சிரித்தான். பிறகு கையை உயர்த்தி, சுட்டுவிரலை மேலே நீட்டி, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றினான். தூரத்தில் நின்ற மீசைக்காரப் பேரர் தலையசைத்தார்.

மேசைக்குக் கீழே ராபினின் வலது கை தானாகப் பின்னால் நகர்ந்தது. லீவரை இழுக்கிற அசைவு. அவனுக்கே தெரியாமல் நடந்தது.

அடுத்த சுற்று வந்தது. மேசையில் இடம் போதவில்லை.

விமல் கையைத் துடைத்துக்கொண்டு ஃபைலைத் திறந்தான். இரண்டு தாள். ஒன்றைத் தூரத்திலிருந்து காட்டினான். ராபினின் பெயரில் நிரந்தர நியமன உத்தரவு. கையெழுத்து மட்டும் பாக்கி. அதைத் திரும்ப ஃபைலில் வைத்துவிட்டு, மற்றதை ராபின் முன்னால் நகர்த்தினான்.

"இது உன் வாக்குமூலம். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. திங்கக்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு."

"நான் ஒண்ணும் சொல்லலியே சார்."

"நீ சொல்லிக் கஷ்டப்பட வேணாம்னுதான் ஜெரால்டே எழுதிட்டான்."

நீல வெளிச்சத்தில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. ராபின் செல்போன் டார்ச்சைப் போட்டான்.

'கலாசி சின்னராசு தன் வலது கைச் சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுற்றி, கம்பிக் கட்டை இறக்கும்படி சைகை செய்தார். அதைத் தெளிவாகக் கண்ட பிறகே நான் இறக்கினேன். கட்டின் அடியிலிருந்து கையை எடுக்காமல் சைகை கொடுத்தது அவருடைய கவனக்குறைவு.'

அவன் கண் நின்றது இரண்டாவது வரியில். 'தெளிவாகக் கண்ட பிறகே.' அந்த ஒரு வரி போதும். பத்து நாளாகத் தூங்கவிடாத கேள்விக்கு இனி யாரும் பதில் கேட்க மாட்டார்கள்.

"நைனா பேரு கெட்டுப்போவும்," என்றான்.

"அவன் இனிமே வேலைக்கு வரப்போறதில்ல," என்றான் விமல். "பேரை வச்சு என்ன பண்ணப் போறான்? உனக்கு இன்னும் இருபத்தஞ்சு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"மச்சான், யோசிக்காத," என்றான் ஜெரால்ட். "மாமாவுக்கு ஆக வேண்டியதை நான் பாத்துக்கறேன். குடும்பத்துல ஒருத்தர் மாட்டினது போதும். நீயும் மாட்டணுமா?"

ராபின் பேனாவை எடுத்தான். ஷைனி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பெர்மனென்ட் ஆர்டர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பேனா முனை தாளைத் தொட்டது. அப்போதுதான் அவன் முதல் வரியை மறுபடி படித்தான்.

"மாப்ள, இத எழுதினது நீதானே?"

"நான்தான். ஏன்?"

"எறக்குன்னா கலாசி எப்டிக் காட்டுவாரு? காட்டு பாப்போம்."

"இன்னா மச்சான், எனக்கே டெஸ்ட்டா?"

"காட்டேன்."

ஜெரால்ட் ஒரு கணம் விமலைப் பார்த்தான். பிறகு கையை உயர்த்தி, சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுற்றினான். "இப்டித்தான். போதுமா?"

ராபினின் பேனா நகரவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். மீசைக்காரப் பேரர் பெரிய தட்டில் எட்டு தம்ளர்களைச் சுமந்துகொண்டு வந்தார்.

"நாங்க ஆர்டர் பண்ணலியே," என்றான் விமல்.

"சார்தான் விரல் காட்டினாரு சார். ரிப்பீட்."

ராபின் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. "பாத்தியா மாப்ள? இவருக்குக்கூடத் தெரியிது. மேல சுத்தினா இன்னும் வேணும்னு அர்த்தம். ஷெட்லயும் அதான். மேல சுத்தினா தூக்கு. கையக் கீழ தொங்கவுட்டு, விரலு தரையப் பாத்து சுத்தினாதான் எறக்கு. இத்தினி வருஷமா சேஃப்டி ஆபீசரு. உனுக்குத் தெரிஞ்ச ஒரே சைகை பார்ல காட்டறதுதான்."

"டேய், மரியாதையாப் பேசு."

"இதுல நான் கையெழுத்துப் போட்டா இன்னா ஆவும்? நைனா தூக்குன்னாரு, நான் எறக்கினேன்னு ஆவும். ரெண்டு பேரையும் ஒரே தாள்ல முடிச்சிட்டியே."

ஷைனி தாளை இழுத்தாள். அண்ணனின் செல்போன் வெளிச்சத்திலேயே படித்தாள். மூன்று வரிதான். இரண்டு முறை படித்தாள்.

"இதான் ஆர்டரா?" என்று கணவனைக் கேட்டாள்.

"நீ சும்மா இரு."

"கல்யாண நாள்னு பட்டுப்புடவ கட்டிக்கினு வரச் சொன்னது இதுக்கா?"

"டைப்பிங் மிஸ்டேக்மா," என்றான் விமல். அவன் குரலில் அவசரம் இல்லை. "மேலேன்னு இருக்கறதைக் கீழேன்னு மாத்திட்டாப் போச்சு." பேனாவுக்காக ராபினிடம் கை நீட்டினான். ராபின் கொடுக்கவில்லை.

"அன்னிக்கு இன்னொரு கலாசி இல்லியாமே," என்றாள் ஷைனி. "ரெண்டு பேரு இருந்தாதான் வேலைக்கு பர்மிட் குடுப்பேன்னு ஊட்ல பெருமையா சொல்வியே. அன்னிக்கு எப்டிக் குடுத்த?"

ஜெரால்ட் கைக்குட்டையால் வாயைத் துடைத்தான்.

"நான் சொல்லட்டுமா? ஞாயித்துக்கிழம மத்தியானம் டிவி பாத்துக்கினே, ஒரு வாரத்து பர்மிட்டுக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டுடுவ. சோபால ஒக்காந்துக்கினு. நான்தான் பேஜ் திருப்பிக் குடுத்தேன். அந்த புக்குதானே?"

விமல் நண்டுத் தட்டை நகர்த்தினான். முதல் முறையாக அவன் ஜெரால்டை நேராகப் பார்த்தான். "பர்மிட் புக்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?"

"சார், அது வந்து..."

"எனக்குச் சொல்லவே இல்லையே."

அந்த நேரம் பார்த்து விளக்குகள் மங்கின. பேரர்கள் நான்கு பேர் கைதட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் சிறிய கேக், அதன் மேல் பொறி பறக்கும் மத்தாப்பு. மாலையில் ஜெரால்டே சொல்லி வைத்திருந்தது. பக்கத்து மேசைகளும் சேர்ந்து கைதட்டின. வாழ்த்துப் பாட்டை இரண்டு தடவை பாடினார்கள். மத்தாப்பு அணையும் வரை மூலை மேசையில் நான்கு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கேக் வெட்டக் கத்தி கொடுத்தார்கள். யாரும் வாங்கவில்லை. அதைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்கள்.

விளக்கு வந்ததும் விமலின் குரல் மாறியிருந்தது.

"சரி. மறைக்க ஒண்ணும் இல்ல, நேராவே பேசுவோம். சின்னராசு தப்பு இல்லன்னா, அப்ப யார் தப்பு? கை தெரிஞ்சுதா உனக்கு?"

ராபின் பேனாவை விரல்களுக்கிடையில் உருட்டினான்.

"தெரியல. தெரியாமத்தான் எறக்கின. கிரேன் ஓட்டறவன் சொந்த அப்பன் கையை நசுக்கினான்னு எழுதறேன். போலீஸ் கேஸ் உன் மேலதான். பெர்மனென்ட் இல்ல, கான்ட்ராக்ட்டும் இல்ல. இந்த சிப்காட்ல எந்தக் கேட்டும் உனக்குத் தொறக்காது. எங்கப்பா போட்டுக் குடுத்த சோறு. எப்ப வேணாலும் நிறுத்த முடியும்."

"வாக்கிடாக்கில எறக்குன்னு சொன்னது யாரு?"

"யாரு சொன்னாங்க? யாரு கேட்டாங்க?"

"லாரி நிக்குது, எறக்கு எறக்குன்னு சொன்னது நீதான் விமல்."

சார் என்ற சொல் விழ வேண்டிய இடத்தில் பெயர் விழுந்தது. ஜெரால்ட், "மச்சான், மச்சான்," என்று அவன் தோளைப் பிடித்தான். ராபின் அந்தக் கையை எடுத்து மேசை மேல் வைத்தான்.

"எவன்டா பேர் சொல்லிக் கூப்பிடறது?" விமல் எழுந்துவிட்டான். தம்ளர் ஒன்று சாய்ந்து சிவப்பும் மஞ்சளும் ஃபைல் மீது ஓடியது. "நாலு எழுத்து படிச்சா எல்லாம் மறந்துடுமா? எங்க களத்துல நெல்லு பொறுக்கினவங்கடா நீங்க."

பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன.

"ஆமா. கூலிக்குப் பொறுக்கினோம். ஓசில இல்ல," என்றாள் ஷைனி. "ஒக்காந்து பேசுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

ராபின் தங்கையின் பக்கம் திரும்பினான். மற்ற இருவரும் அங்கே இல்லாதது போல அவளிடம் மட்டும் பேசினான்.

"அவன் சொல்றது நெசம்தான் ஷைனி. நைனா கை எனுக்குத் தெரியல. ஹெல்மெட்டுதான் தெரிஞ்சிது. ஒரு நிமிசம் நிறுத்தியிருக்கலாம். கத்தறான், லாரி நிக்குதுன்னு எறக்கிட்டேன். பத்து நாளா சொல்ல முடியாம பேஜாரா இருக்குது."

ஷைனியின் முகம் சுருங்கியது. அவள் அழவில்லை. கேக் தட்டைத் தள்ளிவிட்டு, மேசையில் ஈரமில்லாத இடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். வாக்குமூலத் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே தெரியும்படி அதில் வைத்தாள்.

"எழுது," என்றாள்.

ராபின் எழுதினான். சிறுபிள்ளைக் கையெழுத்து.

'17ஆம் தேதி என் அப்பா கை எனக்குத் தெரியவில்லை. அவர் எந்தச் சைகையும் காட்டவில்லை. இரண்டாவது கலாசி அங்கே இல்லை. ஷிப்ட் மேனேஜர் விமல் வாக்கிடாக்கியில் இறக்கு என்றார். கை தெரியாமல் நான் இறக்கினேன். தப்பு என் மேலும் இருக்கிறது.'

கீழே பெயர், தேதி, மணி. ஏழு ஐம்பத்திரண்டு. 'என் மேலும்' என்பதில் 'உம்' விட்டுப்போயிருந்தது. ஷைனி காட்டிய பிறகு அதை மேலே சேர்த்தான்.

"இதை நான் வாங்க மாட்டேன்," என்றான் விமல்.

"நீ வாங்க வாணாம். திங்கக்கிழம இன்ஸ்பெக்டரு வாங்குவாரு."

ஷைனி தன் செல்போனில் தாளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்தாள்.

"அதை டெலிட் பண்ணு," என்றான் ஜெரால்ட்.

"கல்யாண நாளுக்கு ஒரு போட்டோவாவது வாணாமா?"

"ஷைனி, எனக்கு வேலை போனா நீயும் தெருவுலதான். புரியுதா உனக்கு?"

"புரியிது."

"அண்ணன் பின்னாடி இப்பப் போனா, ஊட்டுக்கு வராத."

அவள் தாளை மடித்துக் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். "எங்க நைனாவுக்கு ஆவ வேண்டியதப் பாத்துக்கறேன்னியே," என்றாள். "மூணு நாளுக்கு ஒருக்கா கட்டு மாத்தறாங்க. ஒரு நாளாவது வந்து பாரு."

லிஃப்ட் வரத் தாமதமானது. இருவரும் படியில் இறங்கினார்கள். மேசையில் தொடாத தம்ளர்கள் இருந்தன. பனிக்கட்டி கரைந்து சிவப்பும் மஞ்சளும் கலந்து, எல்லாம் ஒரே பழுப்பாகியிருந்தது.

எளாவூர் ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர். ஷைனி ஓரத்தில், பட்டுப்புடவை காற்றில் பறக்காமல் முழங்காலுக்கு அடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெரால்டிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. பதினொன்றாவது தடவைக்குப் பிறகு அணைத்துவிட்டாள்.

"நைனாகிட்ட நான்தான் சொல்லணும்," என்றான் ராபின்.

"அவுருக்குத் தெரியும்ணா."

"எப்டி?"

"அவுரு கை எங்க இருந்திச்சின்னு அவுருக்குத் தெரியாதா?"

செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஆட்டோ வேகம் குறைந்தபோது ஷைனி கைப்பையைத் திறந்து, உள்ளே எதையோ தடவிப் பார்த்துவிட்டு மூடினாள்.

பர்மிட் புத்தகம் ஜெரால்டின் வீட்டு பீரோவில் இருந்தது. பீரோ சாவி அவள் பையில் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை 5.50 மணிக்கு, ராபினின் அட்டையை ஆலை கேட் ஏற்கவில்லை. மூன்று முறை வைத்துப் பார்த்தான். மூன்று முறையும் சிவப்பு விளக்கு எரிந்தது. செக்யூரிட்டி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே 'அனுமதி இல்லை' என்று எழுதினார்.